மச்சான் மிக்ஸ் செய்த ஆல்பம்

பாட்டுகள் நன்றாக இருக்கின்றன, மிக்ஸைத்தான் கேட்க முடியவில்லை என்று பதில் வந்திருந்தது.

மொத்தம் ஆறு வரி. எழுதியவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வேறொரு நாட்டில், தன் வீட்டு மாடியில், தனி ஆளாக ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறார். ஊர் பேர் தெரியாத மெட்டல் ராக் இசைக் குழுக்களின் ஆல்பங்களை முந்நூறு பிரதி போட்டுத் தபாலில் அனுப்புவதுதான் அவர் தொழில். வருடத்துக்கு ஆறு ஆல்பம். அந்த ஆறில் ஒன்று எங்களுடையது என்று போன வருடமே ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது, ஐந்து வாரத்துக்குள் வேறு யாரிடமாவது கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் இடம் வரிசையில் நிற்கிற அடுத்த குழுவுக்குப் போய்விடும் என்கிறார்.

மிக்ஸ் செய்தது மச்சான். அதாவது என் அக்காவின் கணவர். டிரம்ஸ் வாசிப்பவரும் அவர்தான். ஒவ்வொரு கருவியையும் குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டு, எது எவ்வளவு கேட்க வேண்டும், எதில் கீச்சுச் சத்தத்தைக் குறைக்க வேண்டும், எதில் அடிச்சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று உட்கார்ந்து அளந்து சேர்க்கிற வேலை அது. மூன்று வருடம் தானாகவே கற்றுக்கொண்டு செய்தார். பத்தொன்பது வருடமாக அவருக்குச் சோறு போடுவது பவர் பிரஸ். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து ஒரே அடியில் கதவுக் கீலாக வெட்டித் தள்ளும். நான் அதே ஃபேக்டரியில் அடுத்த கொட்டகையில் வெல்டர். பேஸ் கிட்டார் வாசிப்பேன். இன்னொரு கிட்டார்க்காரன் லாரி ஓட்டுகிறவன். அவன் பேரே லாரி என்றாகிவிட்டது. பாடுவது அக்கா. தையல் கம்பெனியில் தையலைச் சரிபார்க்கிற அறையில் வேலை. சட்டையை விரித்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். நாள் முழுக்க அடுத்தவன் தப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவள் பிழைப்பு.

நால்வரில் ஒருவர்கூட இசை படித்தவர் இல்லை. எட்டு வருடத்தில் ஏழு பாட்டு செய்தோம். ஒன்று பதினாலு நிமிடம். ஏழு அடித் தாளத்தில் தொடங்கி, பதினொன்றுக்குப் போய், பாதியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அக்கா மட்டும் தாலாட்டுப் போல எதையோ பாடி, திரும்ப இடி விழுந்த மாதிரி ஆரம்பிக்கும். இதைக் கேட்க உலகத்தில் ஆள் இருக்கிறார்கள், மாடிவீட்டுக்காரர் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்பதுதான் எங்கள் நம்பிக்கை. மச்சானுக்கு அது நம்பிக்கை மட்டும் இல்லை. நாற்பத்தொரு வயதில் தன் கையால் செய்ததாகக் காட்ட அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். கதவுக் கீல் எத்தனை கோடி வெட்டினாலும் யாரும் அதில் அவர் பேரைப் பார்க்கப்போவதில்லை.

பதிலை லாரிதான் சத்தமாகப் படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, டயர் கிடங்கின் பின் அறை. நாங்கள் வாசிப்பதும் பதிவு செய்ததும் அங்கேதான். சுவர் முழுக்கப் பழைய டயர் அடுக்கியிருப்பதால் சத்தம் எதிரொலிக்காது.

"சிம்பல் சத்தம் காதுல ஊசி குத்துற மாதிரி இருக்குதாம். ரெண்டாவது பாட்டுலயே நிறுத்திட்டானாம்."

"அவனுக்குப் பஞ்சுக் காது," என்றார் மச்சான்.

"முப்பது வருஷமா மெட்டல் கேக்குறவன்யா அவன்."

"கேட்டா? நம்ம சாமான் புதுசு. பழகலை அவனுக்கு."

அக்கா படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன். பல்லு கூசுதுன்னு சொன்னேன்ல?"

"ஆரஞ்சு தின்னா பல்லு கூசத்தான் செய்யும்," என்றான் லாரி.

சிரித்தோம். உண்மையில் அவள் முதல் மிக்ஸிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். டிரம்ஸின் வெண்கலத் தட்டான சிம்பல் அதிரும்போதெல்லாம் தோளைக் குறுக்குவாள். நாங்கள் மூவரும், உனக்குப் பாடுவது வேலை, அதைப் பார் என்று விட்டுவிட்டோம். எனக்கு அந்த மிக்ஸ் சுள்ளென்று இருந்தது. மெட்டல் என்றால் சுள்ளென்றுதானே இருக்கும் என்று நினைத்தேன். லாரிக்கு ஜன்னல் பக்கத்துக் காது பாதி மந்தம். அவன் தலையாட்டியதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

"வேற ஆள்கிட்ட குடுத்துடலாம் மச்சான்," என்றேன்.

"யார்கிட்ட?"

"யாராச்சும்."

"யாராச்சும்னா யாரு மாப்ள? பதினொண்ணு அடில எங்க அடி விழுதுன்னு அந்த யாராச்சுக்குத் தெரியுமா? கல்யாண வீடியோவுக்குப் பாட்டு ஒட்டுறவன்கிட்ட குடுத்து, அவன் எல்லாத்தையும் வழுவழுன்னு தேச்சு அனுப்புவான். அதுக்கு நாம எட்டு வருஷம் டயர் நாத்தத்துல உக்காந்திருக்க வேணாம்." ஸ்டிக்கை டிரம் மேல் வைத்தார். "வேணும்னா ஆல்பமே வேணாம். இப்படியே இருக்கட்டும்."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் கத்தினால் அரை மணியில் சரியாகிவிடும். மெதுவாகச் சொன்னதைப் பின்வாங்கி நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. யாருக்கும் தெரியாத குழுக்களின் ஆல்பங்கள் அவரிடம் இருநூறுக்கு மேல் இருக்கும். மீன்பிடித் துறைமுகத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து செய்தது, அண்ணன் தம்பி மூவர் கோழிப் பண்ணையில் பதிவு செய்தது, ஒரே ஆல்பத்தோடு கலைந்து போனவர்களுடையது. பலர் தாங்களே மிக்ஸ் செய்தவர்கள்தான். அதனால்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது, முகம் தெரிகிறது என்பார். அது சரி. ஆனால் அந்த ஆல்பங்களைப் பற்றி அவர் இரண்டு மூன்று வருடமாகச் சொல்லிவந்த இன்னொரு விஷயம் இருந்தது.

துறைமுகத்துக்காரர்களின் ஆல்பம் அவர் பத்தொன்பது வயதில் வாங்கியது. அதில் சிம்பல் மழைத்தூறல் மாதிரி இருக்கும் என்று கல்யாணமான புதிதில் அக்காவை உட்காரவைத்துப் போட்டுக்காட்டியிருக்கிறார். பிறகு ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, சிடி தேய்ந்துவிட்டது, தூறல் போய்விட்டது என்றார். சிடி தேயாது, அதைத் தொடுவதே வெறும் வெளிச்சம்தான் என்று லாரி சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. எங்கெங்கோ தேடி, அதே ஆல்பத்தின் பிரிக்காத இன்னொரு பிரதியை வரவழைத்தார். அதிலும் தூறல் இல்லை. "இது ரெண்டாம் பதிப்பு. கெடுத்து வச்சிருக்கானுங்க," என்றார். லாரி அதை வைத்து ஆறு மாதம் கிண்டலடித்தான். மச்சான் வீட்டு சிடிக்கு மட்டும் துரு பிடிக்கிறது என்று. நானும் சிரித்தேன். சிரித்ததோடு சரி, யோசிக்கவில்லை.

யோசித்திருக்கலாம். யோசிக்கத் தேவையானதெல்லாம் எனக்குத் தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை காது சோதிக்கிற வண்டி ஃபேக்டரி முற்றத்தில் வந்து நிற்கும். உள்ளே பெட்டி போல ஒரு சின்ன அறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பீப் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலே மேலே போகும். காது போய்விட்டது என்று காகிதம் வந்தால் பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். பிரஸ்காரர்களுக்கு அது பாதி ஆளாக்கிவிட்ட மாதிரி. கம்பெனி பஞ்சு அடைப்பான் தருகிறது. யாரும் வைப்பதில்லை. பிரஸ் விழுகிற சத்தம் கொஞ்சம் மாறினாலும் உள்ளே ஏதோ உடையப்போகிறது என்று அர்த்தம். அடைப்பான் வைத்தவனுக்கு அது கேட்காது, விரல் போகும்.

வண்டியில் இருப்பது பழைய மெஷின். மூன்று பீப், இடைவெளி, மூன்று பீப், இடைவெளி. சத்தம் மாறினாலும் இடைவெளி மாறாது. பத்து வருடம் முன்பே மச்சான் அதைப் பிடித்துவிட்டார். கேட்கிற தாழ்ந்த பீப்புகளில் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்காத இடத்திலும் அதே கணக்கில் அழுத்திக்கொண்டு போக வேண்டியது. சந்தேகம் வராமலிருக்க நடுவில் இரண்டை விட்டுவிட வேண்டும். பதினொன்று அடித் தாளத்தைத் தூக்கத்தில் வாசிக்கிறவருக்கு இது ஒரு வேலையா? மற்ற பிரஸ்காரர்களுக்கும் கேன்டீன் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கொட்டகையில் பத்து வருடமாக ஒருவன் காதும் பழுதில்லை. காகிதத்தில்.

வருடா வருடம் நல்ல காது என்று காகிதம் வந்ததில் நடந்த கோளாறு என்னவென்றால், அவரே அதை நம்பிவிட்டார். ஏமாற்றுவது மெஷினைத்தானே, தன் காதை இல்லையே என்று எங்கேயோ ஒரு மூலையில் வைத்துக்கொண்டார். காகிதம் அலமாரியில் ஒழுங்காக அடுக்கி இருந்தது.

இதையெல்லாம் அந்த ஞாயிறு சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். தனக்குக் கேட்காத சத்தத்தைத்தான் மிக்ஸில் கூட்டிக்கொண்டே போயிருப்பார் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். கடைசியில், "எண்ணித்தான் தப்பிக்கிறாரா?" என்றாள்.

"ஆமா."

"பீப்பை நான் போட்டா எண்ண முடியாதுல்ல," என்றாள்.

அடுத்த நாள் மச்சானுக்கு மதிய ஷிப்ட். காலையில் என்னையும் லாரியையும் வரச் சொன்னாள். சமையலறை மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி வைத்திருந்தாள். எத்தனை ஹெர்ட்ஸ் என்று எண்ணைத் தள்ளினால் அந்தச் சுருதியில் ஒரே சீராகச் சத்தம் போடும்.

"ஏங்க, இது கேக்குதான்னு சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"சும்மா சொல்லுங்க."

முதலில் ஐந்நூறு. கேட்டது. ஆயிரம், கேட்டது. இரண்டாயிரம் கேட்டது, ஆனால் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைத்தார். அக்கா நாலாயிரத்துக்குத் தள்ளி, சத்தத்தை முழுதும் கூட்டினாள். லாரி, "அய்யோ," என்று ஒரு காதைப் பொத்தினான். எனக்கே மண்டைக்குள் கம்பி இழுத்த மாதிரி இருந்தது. அக்காவின் முகம் கோணிப் போயிற்று.

மச்சான் டீயை ஒரு வாய் குடித்தார். காத்திருந்தார். பிறகு, "போடு," என்றார்.

போன் கத்திக்கொண்டே இருந்தது.

"போடுன்னு சொல்றேன்ல?"

"போட்டாச்சுங்க," என்றாள் அக்கா.

அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். லாரி இன்னும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். மச்சான் போனை வாங்கித் திரையைப் பார்த்தார். காதோடு ஒட்டி வைத்தார். அடுத்த காதுக்கு மாற்றினார். எண்ணைத் தானே மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது கண் அசைந்தது. மறுபடி மேலே ஏற்றினார். அந்த இடத்தைத் தாண்டியும் தாண்டாமலும் நாலைந்து முறை, தகட்டில் விரிசல் எங்கே தொடங்குகிறது என்று நகத்தால் தடவிப் பார்ப்பது போல, ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"நேத்துத்தான்," என்றாள். "இவன் சொன்னான்."

என்னைப் பார்த்தார். "ஏன்டா மாப்ள, வாயில என்ன, வெல்டிங் வச்சிருந்தியா?"

அவ்வளவுதான். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கிளம்பிப் போனார்.

அந்த வாரம் முழுதும் வீட்டில் அளந்துதான் பேசினார் என்றாள் அக்கா. உப்பு, சோப்பு, சாவி எங்கே, இவ்வளவுதான். ஒருநாள் துறைமுகத்துக்காரர்களின் இரண்டு பிரதிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாராம். இரண்டையும் உறையில் போட்டு, இருந்த இடத்தில் வைத்தாராம்.

வெள்ளிக்கிழமை காது சோதிக்கிற வண்டி வந்தது. அதன் முறை அப்படி விழுந்தது, எங்களுக்காக வரவில்லை. பிரஸ் கொட்டகைக்கு அடுத்து எங்கள் கொட்டகை என்று வரிசை. நான் அவருக்கு நாலு பேர் பின்னால் நின்றேன். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு பேக்கிங்குக்குப் போய்விடுவாரோ என்றுகூடத் தோன்றியது. வரிசையில் இருந்த பிரஸ்காரர் ஒருவர், "அண்ணே, இந்த வருஷமும் அதே கணக்குதானே?" என்று கேட்டார். மச்சான் அவர் தோளில் விரலால் தட்டிக் காட்டினார். அதே கணக்குதான்.

உள்ளே பத்து நிமிடம். சின்ன கண்ணாடி வழியாகப் பொத்தான் இருந்த கை மட்டும் தெரிந்தது. கட்டைவிரல் தவறாமல் விழுந்தது. இரண்டு இடத்தில் விட்டது. வெளியே வந்தபோது சோதிக்கிற பெண், "உங்க வயசுக்கு ரொம்ப நல்ல காது," என்றாள். "தேங்க்ஸ் மேடம்," என்றார்.

என்னைத் தாண்டும்போது நின்றார்.

"எட்டு பீப்புதான் கேட்டுச்சு மாப்ள. மிச்சமெல்லாம் நான் வாசிச்சது." காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "கம்பெனிக்கு இது போதும். பாட்டுக்குப் போதாது."

சாயங்காலம் லேப்டாப்பை எடுத்து அக்கா முன்னால் வைத்தார்.

"நீ சொல்லு. நான் திருப்புறேன்."

"எனக்கு என்னங்க தெரியும் இதுல?"

"பல்லு கூசுறது தெரியுதுல்ல? அது போதும்."

நாலு வாரம் அப்படித்தான் வேலை நடந்தது. எந்த எண்ணில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், கேட்காது. அவளுக்குக் கேட்கும், பேர் தெரியாது. "இங்க மணல் மெல்ற மாதிரி இருக்கு," என்பாள். அவர் ஆறாயிரத்தில் கை வைப்பார். "இப்ப?" "மணல் போச்சு. ஆனா தகரம் வந்திருச்சு." கொஞ்சம் கீழே இறங்குவார். "இப்ப?" "இப்ப தேவலை. ஊசி மட்டும் இருக்கு, நூல் மாதிரி, அந்தா, அந்தா." விட்டுப்போன தையலைத் தேடுகிற அதே முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு இடம் விடமாட்டாள். பதினாலு நிமிடப் பாட்டுக்கு மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று.

சண்டையும் நடந்தது. சிம்பலை அவள் பாதிக்கு மேல் குறைத்தபோது அவர் எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து, "எனக்கு டிரம்ஸ் மேல கம்பளியப் போத்திட்ட மாதிரி இருக்கு," என்றார்.

"எனக்கு இப்பத்தான் நீங்க வாசிக்கிறதே தெரியுது," என்றாள்.

"பொய் சொல்லாத."

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? மூணு வருஷமா உங்க சத்தத்துல என் குரலே எனக்குக் கேக்கலை."

அவர் மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். நான் மூலையில் பேஸ் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

ஆல்பத்தின் உறையில் யார் மிக்ஸ் செய்தது என்று போட வேண்டியிருந்தது. மச்சான் அக்கா பேரை மட்டும் எழுதினார். இரண்டு பேரையும் போடச் சொன்னாள். "கையை மட்டும் ஆட்டுனவன் பேரை யாராவது போடுவானா?" என்றார். "லாரி ஓடுறது சக்கரத்தாலன்னு என் பேரை எடுத்துடுவியா?" என்றான் லாரி. கடைசியில் இரண்டு பேருடைய பேரும் இருந்தது, அவள் பேர் முன்னால்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது முழு ஆல்பத்தையும் ஒருமுறை தொடக்கத்திலிருந்து போட்டார்கள். ஐம்பத்திரண்டு நிமிடம். மச்சான் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில்கூட அவள் தோள் குறுகவில்லை. முடிந்ததும் அவரே அனுப்பினார். மறுநாள் மாடிவீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது. அச்சுக்குப் போகிறது என்ற ஒரே வரி.

ஆல்பம் வெளிவந்து இரண்டு மாதம் கழித்து, இந்த மாதிரி குழுக்களைப் பற்றி மட்டுமே எழுதுகிற இணையதளம் ஒன்றில் யாரோ இருபது வரி எழுதியிருந்தார்கள். நான் போனில் காட்டினேன். பேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்தாவது பாட்டின் முடிவைப் பற்றி நாலு வரி இருந்தது: எல்லாக் கருவியும் நின்ற பிறகு சிம்பலின் நடுமேட்டில் ஸ்டிக் முனை மெல்லத் தட்டுவது ஏழு முறை கேட்கிறது, இந்த வருடம் கேட்ட எதிலும் இவ்வளவு துல்லியமான சத்தம் இல்லை என்று.

மச்சான் இரண்டு முறை படித்தார்.

"ஏழு இல்லையே. நான் ஒம்போது தட்டுனேன்." சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், அஞ்சாவது பாட்டு கடைசில எத்தனை கேக்குது?"

அக்கா குழாயை மூடினாள். "ஒம்போது. கடைசி ரெண்டு ரொம்ப சன்னமா இருக்கும். அவங்க விட்டிருப்பாங்க."

"இருக்குல்ல ஆனா?"

"இருக்கு."

"சரி," என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஷிப்டுக்குச் சட்டையை மாட்டப் போனார்.